கஸ்டம் பெயின்ட் அடித்த பைக்கை விற்கும்போது விலை குறையுமா?

நீலடேங்க் எழுதியது:

வணக்கம். என்னிடம் இருப்பது நடுத்தர சிசி நேக்கட் பைக், அதாவது இன்ஜினை மூடும் ஃபேரிங் இல்லாத ரகம். வாங்கியதிலிருந்து நான் ஒருவன்தான் ஓட்டுகிறேன். விழுந்ததில்லை, சர்வீஸ் எதுவும் தவறியதில்லை. கம்பெனி நிறம் மட்டும் மனதுக்குப் பிடிக்கவில்லை. மந்தமான ஒரு சாம்பல். வாங்கும்போது வேறு நிறம் கைவசம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். டேங்க், இரண்டு பக்க பேனல், முன் மட்கார்டு, பின் கவுல் (சீட்டின் பின்புற மூடி) எல்லாவற்றையும் கேண்டி நீலத்தில் (அடியிலிருந்து ஒளிரும் ஆழமான நிறம்) அடித்து, டேங்கின் ஓரமாக மெல்லிய வெள்ளிக் கோடு இழுக்க ஆசை.

ஆனால் இன்னும் இரண்டு மூன்று வருடத்தில் இதை விற்றுவிட்டுப் பெரிய வண்டிக்குப் போகும் எண்ணமும் இருக்கிறது. பெயின்டர், "அடித்த பிறகு மதிப்பு ஏறும்" என்கிறார். கூட ஓட்டுகிற நண்பர்கள், "கை வைத்தால் பாதி விலைதான்" என்கிறார்கள். இரண்டையுமே நம்ப முடியவில்லை.

இப்படி அடித்த வண்டியை விற்றவர்களும் வாங்கியவர்களும் சொல்லுங்கள், பேரம் எந்த இடத்தில் இடறுகிறது? என் வண்டி, என் இஷ்டம் என்பது தெரியும். எனக்கு இப்போது வேண்டியது பணக் கணக்கு.

ஸ்பிரேகன் எழுதியது:

பெயின்ட் அடிப்பது என் தொழில். அந்த உரிமையில் சொல்கிறேன், மதிப்பு ஏறும் என்று உங்கள் பெயின்டர் சொல்லியிருக்கக் கூடாது. அடிக்கக் கொடுத்த காசு விற்கும்போது திரும்பி வருவதில்லை.

நல்ல வேலைக்கு ஆகும் செலவில் பெரும்பங்கு டப்பாவில் இருக்கும் பெயின்டுக்குப் போவதில்லை, உழைப்புக்குப் போகிறது. பழைய பெயின்டை உரிக்க வேண்டும், தேய்க்க வேண்டும், பிரைமர் அடித்து மறுபடி தேய்க்க வேண்டும். அப்புறம் பேஸ் என்னும் நிற அடுக்கு, மாஸ்கிங், கோடு, மூன்று நான்கு கோட் கிளியர் (நிறமில்லாத மேல்பூச்சு), கடைசியில் வாட்டர் பேப்பரும் பாலிஷும். நீங்கள் காசு கொடுப்பது இந்த மணிநேரங்களுக்கு. அடுத்து வாங்குபவர் கண்ணுக்கு அவை தெரியாது, ஒரு நீல டேங்க் தெரியும், அவ்வளவுதான். உங்களுக்குப் பிடித்த நீலம் அவருக்கும் பிடித்திருந்தால் சந்தோஷப்படுவார். அதற்காகப் பணம் கூட்டித் தர மாட்டார்.

பாதி விலை என்பதும் மிகைதான். சுத்தமான வேலை, ஒரே நிறம், மண்டை ஓடு, தீ ஜுவாலை, பெயர் எதுவும் இல்லை என்றால் இழப்பு பெரும்பாலும் பெயின்ட் செலவோடு நின்றுவிடும். மோசமான வேலை என்றால் கதை வேறு. வாங்குபவர் திரும்ப அடிக்க ஆகும் முழுச் செலவையும் கழித்துத்தான் விலை கேட்பார், அது நியாயமும்கூட.

கைமாற்று எழுதியது:

பழைய வண்டிகளை வாங்கிச் சரிசெய்து விற்கிறேன். வாங்குகிறவன் இடத்தில் நின்று சொல்கிறேன்.

கம்பெனி பெயின்ட் இல்லாத டேங்கைப் பார்த்ததும் முதலில் எழுகிற கேள்வி, இது எங்கே விழுந்தது? அழகு, நிறம் எல்லாம் அதற்கு அப்புறம். பெரும்பாலானவர்கள் ஒரு காரணத்தோடுதான் பெயின்ட் அடிக்கிறார்கள், அந்தக் காரணம் பல சமயம் கீறலோ நசுங்கலோ. ஆசைக்காக அடித்தவர் உண்மையைச் சொன்னாலும், விபத்தை மறைக்க அடித்தவர் சொல்கிற அதே வார்த்தைகளைத்தான் அவரும் சொல்வார். எனக்கு இரண்டு பேரையும் பிரித்துப் பார்க்க வேறு வழி வேண்டும்.

அதனால் பெயின்டை விட்டுவிட்டு மற்ற இடங்களைப் பார்ப்பேன். ஹேண்டில்பார் முனையில் இருக்கும் எடைக்கட்டை, பிரேக் கிளட்ச் லிவர்களின் நுனிக் குண்டு, ஃபுட்ரெஸ்ட் நுனி, இன்ஜின் கவரின் பக்கவாட்டு. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் தேய்மானம் இங்கே எங்காவது இருக்கும். எல்லாமே புதிதாக மாற்றப்பட்டிருந்தால் அதுவும் ஒரு தகவல்தான். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, சேசிஸ் கழுத்தில் ஹேண்டிலைத் தடுத்து நிறுத்தும் ஸ்டாப் நசுங்கியிருக்கிறதா என்று பார்ப்பேன். முன்னால் பலமாக மோதிய வண்டியில் அது காட்டிக் கொடுத்துவிடும்.

அப்புறம் பெயின்டுக்கு வருவேன். சீட்டைக் கழற்றி டேங்கின் அடிப்பக்கம். ஒயர், கேபிள், ரப்பர் மேல் ஸ்பிரே தூசு படிந்திருந்தால் பாகங்களைக் கழற்றாமலே அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். டேங்க் இரும்பாக இருந்தால் மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தத்தை மேலே நகர்த்திப் பார்ப்பேன். நசுங்கலை நிரப்பப் பூசும் பட்டி தடிமனாக இருக்கும் இடத்தில் பிடி தளரும். டேங்க் மேலும் ஸ்விங் ஆர்மிலும் கம்பெனி ஒட்டும் எச்சரிக்கை ஸ்டிக்கர்கள் இருக்கின்றனவா என்றும் பார்ப்பேன். நல்ல பெயின்டர்கூடப் பல சமயம் இதை மறந்துவிடுகிறார்.

இத்தனையும் சரியாக இருந்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். ஆனால் விலையில் கொஞ்சம் கழிப்பேன். ஏனென்றால் நாளை என்னிடம் வாங்க வருகிறவரும் இதே கேள்வியோடுதான் வருவார், அவரிடம் இத்தனையையும் நான் நிரூபிக்க வேண்டும்.

இரட்டைச்சிலிண்டர் எழுதியது:

கைமாற்று சொல்வது நேக்கட், ஸ்போர்ட்ஸ் வண்டிகளுக்குச் சரி. தாழ்வான சீட்டில் நிதானமாக நெடுந்தூரம் ஓட்டும் க்ரூஸர் வண்டிகளின் உலகத்தில் அப்படி இல்லை. அங்கே பெயின்ட் மாற்றுவதை யாரும் விபத்தோடு முடிச்சுப் போடுவதில்லை. ஹார்லி டேவிட்சன் 1999 முதல் சிவிஓ (கஸ்டம் வெஹிக்கிள் ஆபரேஷன்ஸ்) என்ற பெயரில் தனி பெயின்ட் வேலைப்பாடு செய்த வண்டிகளைத் தொழிற்சாலையிலிருந்தே கூடுதல் விலைக்கு விற்கிறது. அதற்கு முன்பே, 1971இல் சூப்பர் க்ளைடு வந்தபோது சிவப்பு, வெள்ளை, நீலம் கலந்த பெயின்டைக் கம்பெனியே கொடுத்தது. அந்த மக்களுக்குப் பெயின்ட் வண்டியின் ஒரு பகுதி.

நானே கேண்டி சிவப்பு அடித்த க்ரூஸரை வாங்கியிருக்கிறேன். வரிசையாகப் பார்த்த கறுப்பு வண்டிகளை விட்டுவிட்டு அதைப் பார்க்கப் போனதே அந்த நிறத்துக்காகத்தான். கூடுதலாகப் பணம் கொடுத்தேனா என்றால் இல்லை. குறைத்தும் கேட்கவில்லை.

கைமாற்று எழுதியது:

"குறைத்தும் கேட்கவில்லை" என்பதை ஏற்றுக்கொள்கிறேன். உங்களைப் போல ஒருவர் வரும்வரை அந்த உரிமையாளர் எத்தனை நாள் காத்திருந்தார் என்பதும் கணக்கில் சேர வேண்டும். கறுப்பு வண்டியைப் பார்க்கப் பலர் வருவார்கள். கேண்டி சிவப்பைப் பார்க்கச் சிலர்தான் வருவார்கள், வருகிற சிலர் ஆசையோடு வருவார்கள். காத்திருக்க முடிந்தவருக்கு நஷ்டம் குறைவு. ஷோரூமில் எக்ஸ்சேஞ்சில் விட்டுவிட்டு அன்றைக்கே புது வண்டியில் வீட்டுக்குப் போக நினைக்கிறவருக்கு நஷ்டம் அதிகம். ஷோரூம்காரர் மாடல், வருடம், ஓடிய தூரம் வைத்து ஒரு விலை போடுவார், கஸ்டம் பெயின்டுக்கு அதில் கூட்டல் கிடையாது. சீக்கிரம் கைமாறாது என்று தோன்றினால் கழித்தல் மட்டும் உண்டு.

நீலடேங்க், நீங்கள் எக்ஸ்சேஞ்சில் விடப் போகிறீர்களா, நேரடியாக விற்கப் போகிறீர்களா? இந்தக் கேள்விக்கான பதில் நிறத்தைவிட முக்கியம்.

பழைய_கார்புரேட்டர் எழுதியது:

யாரும் தொடாத ஒரு பக்கம் இருக்கிறது, பழைய வண்டிகள். இங்கே கம்பெனி பெயின்டுக்கு இருக்கும் மரியாதையை மற்றவர்கள் புரிந்துகொள்வது கஷ்டம். கீறலும் மங்கலுமாக இருக்கும் முதல் பெயின்டுக்கு, பளபளவென்று புதிதாக அடித்ததைவிட அதிக விலை கொடுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். பெயின்டைத் திரும்ப எத்தனை முறை வேண்டுமானாலும் அடிக்கலாம், முதல் பெயின்ட் ஒருமுறைதான்.

ட்ரையம்ஃப் பான்வில் டி120 முதலில் வந்தது 1959 மாடலாக. நிறம், டாஞ்சரின் ஆரஞ்சும் முத்துச் சாம்பலும். அன்றைக்கு அந்த நிறச் சேர்க்கை எல்லோருக்கும் பிடிக்கவில்லை, அடுத்த வருடமே மாற்றிவிட்டார்கள். இன்று சேகரிப்பவர்கள் தேடுவது அந்த முதல் வருட ஆரஞ்சைத்தான். அந்தக் காலத்தில் "இந்த நிறம் சகிக்கவில்லை" என்று கறுப்போ நீலமோ அடித்தவர் தவறு ஏதும் செய்யவில்லை, தன் வண்டியைத் தன் ரசனைக்கு மாற்றிக்கொண்டார். ஆனால் எந்த நிறம் பிற்காலத்தில் மதிப்புப் பெறும் என்று அன்று யாருக்கும் தெரியாது. இன்றைய மந்தமான சாம்பலுக்கும் அது பொருந்தும்.

பிஎம்டபிள்யூ ஆர்90எஸ் இன்னொன்று. 1973இல் வந்த வண்டி, ஹான்ஸ் முத் வடிவமைத்தது. வெள்ளியிலிருந்து கறுப்புக்குப் புகை போலக் கரையும் பெயின்ட், பிறகு டேடோனா ஆரஞ்சு வந்தது. அந்தப் புகையைத் தொழிலாளி கையால்தான் அடித்தார், அதனால் ஒரு வண்டி போல இன்னொன்று இருக்காது. கம்பெனியிலிருந்தே கிட்டத்தட்ட கஸ்டம் பெயின்டாக வந்தது என்று சொல்லலாம். இன்று அதை வேறு ஒருவர் எவ்வளவு அழகாகத் திரும்ப அடித்தாலும், முதல் கை அடித்த புகைக்கு உள்ள விலை அதற்கு வராது.

ராயல் என்ஃபீல்ட் புல்லட் டேங்கில் இருக்கும் தங்கக் கோடுகளும் கையால் இழுத்தவைதான். உற்றுப் பார்த்தால் தூரிகை தொடங்கிய இடமும் முடிந்த இடமும் தெரியும். மேலே கிளியர் அடிப்பதற்காக அந்தக் கோட்டைத் தேய்த்து எடுத்த டேங்குகளைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நிறத்தை மாற்றுவது வேறு, முதல் நிறத்தை அழிப்பது வேறு. இரண்டையும் தனித்தனியாக யோசியுங்கள்.

நீலடேங்க் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. என் வண்டி க்ரூஸரும் இல்லை, சேகரிப்பவர் தேடும் ரகமும் இல்லை. நேரடியாகத்தான் விற்பேன், அவசரம் இருக்காது. கேண்டிக்குப் பதிலாக வேறு வகை பெயின்ட் என்றால் ஏதாவது வித்தியாசம் உண்டா? பெயின்டர் ஒரே விலைதான் சொன்னார்.

ஸ்பிரேகன் எழுதியது:

கேண்டிக்கும் சாதாரண பேஸ் கோட்டுக்கும் ஒரே விலை சொன்னாரா? அப்படியானால் அவர் செய்யப்போவது உண்மையான கேண்டிதானா என்று கேளுங்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், விற்பனை விலையோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட விஷயம் இது.

சாலிட் நிறம் என்றால் நிறமி மட்டும். மெட்டாலிக் என்றால் அதில் மெல்லிய அலுமினியத் துகள். பேர்ல் என்றால் மேல்பூச்சு ஏற்றிய மைக்கா துகள், ஒளி விழும் கோணத்துக்கு ஏற்ப நிறம் மாறும். கேண்டி இவற்றிலிருந்து அடிப்படையிலேயே வேறு. கீழே வெள்ளி அல்லது தங்க நிற மெட்டாலிக் பேஸ், அதன் மேல் ஒளி ஊடுருவும் வண்ண அடுக்குகள், எல்லாவற்றுக்கும் மேலே கிளியர். வண்ணக் கண்ணாடித் தாளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது போல, ஒவ்வொரு கோட் ஏறும்போதும் நிறம் ஆழமாகும். அந்த ஆழம்தான் கேண்டியின் அழகு. ஹவுஸ் ஆஃப் கலர் கம்பெனியை 1956இல் தொடங்கிய ஜான் காஸ்மோஸ்கி போன்றவர்கள் இந்த வகையை மோட்டார் சைக்கிள் டேங்குக்கும் கொண்டுவந்தார்கள். 1969 ஹோண்டா சிபி750 கம்பெனியிலிருந்தே கேண்டி நிறங்களில் வந்தது. அதனால் கேண்டி என்றாலே வெளியில் அடித்தது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

சிக்கல் பழுது பார்க்கும்போது வரும். சாலிட் கறுப்பில் ஒரு கல் பட்டுத் தெறித்தால் அந்த இடத்தை மட்டும் தொட்டுச் சரிசெய்யலாம். கேண்டியில் அந்த இடத்தில் மட்டும் அடித்தால், ஓரத்தில் பழைய அடுக்கின் மேல் புது அடுக்கு ஏறி ஒரு இருண்ட வளையம் தெரியும். எத்தனை கோட், என்ன கலவை, எவ்வளவு தூரத்திலிருந்து அடித்தது என்பது அடித்தவர் கைக்குத்தான் தெரியும். அதனால் முழு பாகத்தையும் திரும்ப அடிக்க வேண்டியிருக்கும். முழு பாகத்தை அடித்தாலும் பக்கத்துப் பாகத்தோடு சேராமல் போகலாம். கேண்டியில் பல, நிறமிக்குப் பதிலாகச் சாயத்தால் நிறம் பெறுகின்றன. வெயிலில் நின்றால் சாயம் நிறமியைவிடச் சீக்கிரம் மங்கும்.

ஆகவே உங்கள் வண்டியை வாங்குபவர் விஷயம் தெரிந்தவராக இருந்தால், முதல் கீறலிலேயே தனக்குப் பெரிய செலவு காத்திருக்கிறது என்று கணக்குப் போடுவார். இரண்டு மூன்று வருடத்தில் விற்பது உறுதி என்றால் கேண்டியை விடுங்கள், நல்ல மெட்டாலிக் நீலம் எடுங்கள். ஏதாவது ஒரு கம்பெனியின் நிறக் குறியீட்டை வைத்துக் கலக்கச் சொல்லுங்கள். குறியீட்டைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாங்குபவரிடம் அதைக் கொடுத்தால், நாளைக்கு அவர் எங்கே போனாலும் அதே நிறம் கலந்து கிடைக்கும்.

இன்னொன்று, கிளியர் 2கே ஆக இருக்க வேண்டும், அதாவது ஹார்டனர் கலந்து அடிப்பது. டப்பாவில் வரும் சாதாரண ஸ்பிரே லாக்கர் பார்க்கப் பளபளக்கும், மூடி அருகே பெட்ரோல் சிந்தினால் இளகி உரிந்துவிடும். வாங்க வருகிறவர் முதலில் குனிந்து பார்ப்பது அந்த மூடியின் ஓரத்தைத்தான். 2கே கிளியரை வீட்டில் நீங்களே அடிக்க முயல வேண்டாம். ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, சாதாரணத் துணி மாஸ்க் அதைத் தடுக்காது, நுரையீரலைக் கெடுத்துவிடும்.

மேட்_கறுப்பு எழுதியது:

இவ்வளவு தலைவலி எதற்கு? பெயின்ட் மேல் ஒட்டும் வண்ணப் படலமான வினைல் ராப் ஒட்டுங்கள், விற்கும்போது உரித்துவிடுங்கள். அடியில் கம்பெனி பெயின்ட் புதிதாக இருக்கும்.

ஸ்பிரேகன் எழுதியது:

பாதி சரி. கம்பெனி பெயின்ட் நல்ல நிலையில் இருந்தால் ராப் அருமையான வழி. சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

டேங்க் இரண்டு மூன்று பக்கமும் வளைகிறது. விலை குறைந்த காலெண்டர்டு வினைல் வளைவில் இழுத்து ஒட்டினால் சில மாதங்களில் பழைய நிலைக்குத் திரும்பச் சுருங்கும், ஓரம் தூக்கும். வளைவுகளுக்கு காஸ்ட் வினைல் கேளுங்கள். மூடியைக் கழற்றிவிட்டு வினைலை அடியில் மடித்து ஒட்டச் சொல்லுங்கள். மூடியைச் சுற்றி பிளேடால் வெட்டினால் பெயின்டில் வட்டமாக ஒரு கோடு விழும், உரித்த அன்றைக்குத்தான் அது உங்களுக்குத் தெரியும். பெட்ரோல் ஓரத்தில் புகுந்தால் பசை கரையும்.

உரிக்கும்போது சூடுகாட்டி மெதுவாக, தாழ்வான கோணத்தில் இழுக்க வேண்டும். கம்பெனி பெயின்ட் சூளையில் வெந்தது, பெரும்பாலும் தாங்கும். ஏற்கெனவே வெளியில் சரியாகத் தயார் செய்யாமல் திரும்ப அடித்த பாகத்தில் ராப் ஒட்டினால், உரிக்கும்போது பெயின்டும் சேர்ந்து வரலாம். ரொம்ப வருடம் வெயிலில் விட்டால் வினைல் துண்டு துண்டாகக் கிழியும்.

மேட் பெயின்டைப் பற்றியும் ஒரு வார்த்தை, பெயரிலேயே வைத்திருக்கிறீர்கள், கோபித்துக்கொள்ள வேண்டாம். மேட்டில் கீறல் விழுந்தால் பாலிஷ் போட முடியாது, போட்டால் அந்த இடம் பளபளத்துத் தனியாகத் தெரியும். மேட் வேண்டும் என்றால் வினைலில் வைத்துக்கொள்வது நல்லது.

மேட்_கறுப்பு எழுதியது:

என்னுடையது கம்பெனி மேட் சார், அதனால் கோபமில்லை. தொடை உரசும் இடத்தில் பளபளப்பு வந்துவிட்டது, நீங்கள் சொல்வது உண்மைதான்.

சேசிஸ்நம்பர் எழுதியது:

எல்லோரும் டேங்கையே பேசுகிறீர்கள். காகிதத்தையும் பாருங்கள். பல நாடுகளில் பதிவுச் சான்றிதழில் வண்டியின் நிறமும் எழுதப்பட்டிருக்கும். நிறம் மாற்றினால் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து, சான்றிதழில் மாற்ற வேண்டும், சில இடங்களில் முன்கூட்டியே அனுமதியும் வாங்க வேண்டும். சாம்பல் என்று எழுதிய சான்றிதழோடு நீல வண்டியை விற்கப் போனால், பேரம் அங்கேயே நின்றுவிடும். வாங்குபவர் பயப்படுவது பெயின்டுக்காக இல்லை, திருட்டு வண்டியோ என்றுதான். ராப் ஒட்டினாலும் வெளியே தெரியும் நிறம் மாறுகிறது என்பதால் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். இல்லாவிட்டால் க்ளெய்ம் நேரத்தில் "எங்களுக்குச் சொல்லவில்லையே" என்பார்கள்.

சேசிஸுக்குப் பவுடர் கோட்டிங் செய்கிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பவுடரை மின்னேற்றம் செய்து தெளித்து, சுமார் 180 முதல் 200 டிகிரி செல்சியஸில் வேகவைப்பார்கள். உறுதியான பூச்சு, ஆனால் தடிமனானது. கழுத்தில் குத்தியிருக்கும் சேசிஸ் எண்ணின் பள்ளத்தை நிரப்பிவிட்டால் எண் படிக்க முடியாமல் போகும். அதற்கு முன்னால் மணல் வீச்சில் சுத்தம் செய்யும்போது அந்த இடத்தைக் கடுமையாகத் தேய்த்தாலும் எண் மங்கும். எண் தெளிவாக இல்லாத வண்டியை நான் எந்த விலைக்கும் வாங்க மாட்டேன், சொந்தக்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். அந்த இடத்தை மறைத்துவிட்டுக் கோட்டிங் செய்யச் சொல்லுங்கள், பிறகு மெல்லிய கிளியர் போதும்.

கைமாற்று எழுதியது:

சேசிஸ் எண் விஷயத்தில் முழுக்க உடன்படுகிறேன். டேங்க் நிறம் பிடிக்காவிட்டால் பேரம் பேசுவேன். எண் சரியில்லை என்றால் எழுந்து போய்விடுவேன்.

டார்க்ரென்ச் எழுதியது:

பெயின்ட் தடிமன் அளக்கும் மீட்டர் இப்போது எளிதாகக் கிடைக்கிறதே. வாங்குபவர் அதை வைத்துப் பார்த்தால் பட்டி தெரிந்துவிடுமே, சந்தேகம் எதற்கு?

ஸ்பிரேகன் எழுதியது:

இரும்பு டேங்குக்குப் பயன்படும். கம்பெனி பெயின்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவில் இருக்கும். ஸ்டிக்கரைப் புதைத்து மேலே கூடுதல் கிளியர் ஏற்றிய மாடல்களில் அதிகமாகவும் காட்டும். அதன் மேலேயே இன்னொரு முழு வேலை செய்தால் 200, 300ஐத் தாண்டும். பட்டி போட்ட இடத்தில் ஆயிரத்தையும் தாண்டலாம். மீட்டர் காட்டும் எண்ணைவிட, டேங்கின் இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். எல்லா இடமும் 250 என்றால் ஆசைக்கு அடித்தது. வலது பக்கம் மட்டும் 900 என்றால் வலது பக்கம் விழுந்தது.

ஆனால் இந்த மீட்டர்கள் உலோகத்தின் மேல்தான் வேலை செய்யும். பக்க பேனல், கவுல், ஃபேரிங் எல்லாம் பிளாஸ்டிக், அங்கே எண்ணே வராது. பிளாஸ்டிக் பாகத்தை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். விரிசலை ஒட்டிய தடம், உடைந்த கிளிப், திருகுத் துளையைச் சுற்றி வெளிறிய கோடு இதெல்லாம் பெயின்டால் மறையாது.

நீலடேங்க், அதனால்தான் சொல்கிறேன், வேலை தொடங்கும் முன்பு உங்கள் டேங்கை நல்ல வெளிச்சத்தில் நான்கு பக்கமும் படம் எடுங்கள். உரித்த பிறகு வெறும் இரும்பாக இருக்கும்போது ஒரு படம், பிரைமரில் ஒரு படம். நசுங்கல் இல்லாத வெற்று இரும்பைக் காட்டும் படம்தான் கைமாற்று கேட்கும் நிரூபணம். இந்தப் படங்களும் ரசீதும் உள்ள வண்டிக்கும் இல்லாத வண்டிக்கும் பேரத்தில் பெரிய வித்தியாசம் உண்டு.

இரட்டைச்சிலிண்டர் எழுதியது:

க்ரூஸர் ஆட்கள் ரொம்ப காலமாகச் செய்யும் ஒரு வழி இருக்கிறது. இன்னொரு டேங்க், மட்கார்டு, பேனல் செட் தனியாக வாங்கி அதில் ஆசைப்பட்டதை அடிப்பது. கம்பெனி செட்டைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிடுவது. விற்கும்போது அதை மாட்டிவிட்டால் வண்டி ஷோரூமிலிருந்து வந்தது போல. கஸ்டம் செட்டைத் தனியாக விற்கலாம், அல்லது வாங்குபவருக்குப் பிடித்திருந்தால் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கலாம். பழைய_கார்புரேட்டர் சொன்ன "நிறத்தை மாற்றுவது வேறு, அழிப்பது வேறு" என்பதற்கு இதுதான் நேரடி பதில்.

டார்க்ரென்ச் எழுதியது:

புது டேங்க் கம்பெனியில் கேட்டால் பெயின்ட் செலவை விடப் பல மடங்கு ஆகும். கணக்கு உதைக்கிறதே?

இரட்டைச்சிலிண்டர் எழுதியது:

புதிது எதற்கு? கீறல், சின்ன நசுங்கல் உள்ள பழைய செட் போதும். எப்படியும் உரித்து அடிக்கத்தானே போகிறோம். அதிகம் விற்ற மாடல் என்றால் பாகம் பிரித்து விற்பவர்களிடம் கிடைக்கும். அரிதான மாடலுக்கு இந்த வழி சரிப்படாது, ஒப்புக்கொள்கிறேன்.

ஒன்று பார்த்து வாங்குங்கள், உள்ளே டார்ச் அடித்துத் துரு இருக்கிறதா என்று. வெளியில் நசுங்கல் இருந்தால் சரிசெய்யலாம், உள்ளே துரு என்றால் விட்டுவிடுங்கள். அடுத்தடுத்த வருட மாடல்களில் பம்ப் பொருந்தும் துளையோ பின் பிராக்கெட்டோ மாறியிருக்கலாம், அதையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கைமாற்று எழுதியது:

நல்ல வழி. ஆனால் விற்கும்போது பட்டி போட்ட அந்தக் கஸ்டம் டேங்கைத் தருகிறீர்கள் என்றால், அது இந்த வண்டியோடு வந்த டேங்க் இல்லை, நசுங்கலைச் சரிசெய்தது என்று வாயால் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டு வாங்குபவர் காந்தத்தை வைத்துக் கண்டுபிடித்தால், நீங்கள் சொல்கிற மற்ற எதையும் அவர் நம்ப மாட்டார்.

பின்சீட் எழுதியது:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். இந்த இழை முழுக்க வாங்கப் போகிறவரைப் பற்றியே இருக்கிறது. இன்னும் இரண்டு மூன்று வருடம் தினமும் அந்த வண்டியைப் பார்க்கப் போகிறவர் நீலடேங்க். பிடிக்காத சாம்பலை இன்னொருவருக்காகக் காப்பாற்றி வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. செயின், டயர், பெட்ரோல் எதற்கும் விற்கும்போது காசு திரும்பக் கேட்பதில்லை. ஓட்டும் சந்தோஷத்துக்குச் செலவானது என்று விட்டுவிடுகிறோம். பெயின்டையும் அந்தப் பக்கத்தில் எழுதினால் என்ன?

பழைய_கார்புரேட்டர் எழுதியது:

பின்சீட் சொல்வதை நான் மதிக்கிறேன். ஆனால் டயரைப் போட்டே ஆக வேண்டும், பெயின்ட் அப்படியில்லை. தாங்குகிறவர் தாராளமாகச் செய்யட்டும். அடுத்த வண்டிக்கு இந்த வண்டியின் காசை நம்பியிருப்பவர் இங்கே கேட்டிருக்கிறார், அவருக்கு இரண்டு பக்கமும் தெரியட்டும்.

நீலடேங்க் எழுதியது:

முடிவு செய்துவிட்டேன். என் மாடல் நிறைய விற்றது, பழைய செட் ஒன்று தேடுகிறேன். அதில் மெட்டாலிக் நீலம், 2கே கிளியர், வெள்ளிக் கோடு கிளியருக்கு அடியில். குறியீடும் ரசீதும் படங்களும் வைத்துக்கொள்வேன். சான்றிதழில் நிற மாற்றத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்று பதிவு அலுவலகத்தில் கேட்டுவிட்டுத்தான் பெயின்டரிடம் கொடுப்பேன்.

ஒரு கேள்வி பாக்கி. கழற்றிய கம்பெனி டேங்கை இரண்டு மூன்று வருடம் எப்படி வைப்பது? துருப்பிடித்தால் இத்தனையும் வீண்தானே.

டார்க்ரென்ச் எழுதியது:

இது என் ஏரியா. பெட்ரோலை முழுக்க வடித்துவிட்டு, மூடியைத் திறந்து வைத்துக் காற்றோட்டமான இடத்தில் நன்றாக உலர விடுங்கள், பக்கத்தில் நெருப்போ ஸ்விட்ச்சோ இருக்கக் கூடாது. பிறகு கொஞ்சம் இன்ஜின் ஆயிலை உள்ளே ஊற்றி, எல்லாப் பக்கமும் படும்படி டேங்கைத் திருப்பித் திருப்பி உருட்டுங்கள், மிச்சத்தை வடித்துவிடுங்கள். துளைகளை எல்லாம் அடைத்துவிடுங்கள். திரும்ப மாட்டும் முன்பு கொஞ்சம் பெட்ரோல் விட்டு அலசிக் கொட்ட வேண்டும்.

வெளியே பழைய பருத்தித் துணியால் சுற்றுங்கள். குமிழி வைத்த பிளாஸ்டிக் உறையை நேரடியாகப் பெயின்ட் மேல் சுற்ற வேண்டாம், வெப்பத்தில் அந்த வட்டங்கள் கிளியரில் பதிந்துவிடும். தரையில் வைக்காமல் உயரத்தில், வெயில் படாத இடத்தில் வையுங்கள். கழற்றிய ஸ்டிக்கர், ரப்பர், திருகு எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போட்டு அதன் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள்.

உங்களுடையது இன்ஜெக்ஷன் வண்டியாக இருந்தால், பெட்ரோல் பம்பைப் பழைய டேங்கிலிருந்து புது டேங்குக்கு மாற்ற வேண்டியிருக்கும். பம்புக்கு அடியில் இருக்கும் ரப்பர் ஓ-ரிங் பெட்ரோலில் ஊறி உப்பியிருக்கும், அதையே திரும்ப மாட்டினால் பள்ளத்தில் உட்காராது, கசியும். புது ஓ-ரிங் இரண்டு வாங்கி வையுங்கள். ஒன்று இப்போதைக்கு, ஒன்று விற்கும்போது கம்பெனி டேங்கைத் திரும்ப மாட்டுவதற்கு. போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக, மேனுவலில் சொன்ன முறுக்கு அளவுக்கு (டார்க்) முறுக்குங்கள். முதலில் கொஞ்சமாகப் பெட்ரோல் விட்டு, சாவியைத் திருப்பிப் பம்ப் ஓடும்போது அடியில் ஈரம் வருகிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் நிரப்புங்கள். புது பெயின்ட் மேல் பெட்ரோல் ஒழுகினால் பெயின்டர் எவ்வளவு நன்றாக அடித்திருந்தாலும் முதல் சில வாரங்கள் ஆபத்துதான், 2கே முழுக்க இறுக அவ்வளவு நாள் ஆகும்.

ஸ்பிரேகன் எழுதியது:

அந்தச் சில வாரங்கள் மெழுகும் போட வேண்டாம், டேங்க் பேக் எதுவும் கட்டவும் வேண்டாம். செட் கிடைத்ததும் படத்தைப் போடுங்கள், நசுங்கல் எந்த இடத்தில் என்று பார்த்துப் பட்டி வேண்டுமா, பின்னால் இருந்து தட்டியே எடுக்கலாமா என்று சொல்கிறேன்.